பூங்காச் சீசாவின் கைப்பிடியில் உரியும் பெயிண்ட்: ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிப் பூங்காவின் விளையாட்டுச் சாதனங்களில் பெயிண்ட் உரிந்து கொட்டுவது குறித்துக் குடியிருப்போர் நலச் சங்கம் அளித்த மனுக்கள் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்குச் சென்ற வாரம் வாய்மொழியாக ஒரு பதில் வந்தது: "பிள்ளைகள் கையை வாயில் வைக்காமல் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

இரண்டு வயதுப் பிள்ளை எதையும் கையால் தொட்டும் வாயில் வைத்தும்தான் அறிந்துகொள்கிறது. சீசாவின் கைப்பிடியை இறுகப் பற்றி ஆடிவிட்டு இறங்கும்போது, வியர்த்த உள்ளங்கையில் மஞ்சள் செதில்கள் ஒட்டியிருக்கின்றன. அதே கையால் முறுக்கை வாங்கிக் கடிக்கிறது. சறுக்குமரத்தடி மண்ணில் உதிர்ந்தவற்றை, நிறம் பிடித்துப்போய், பொறுக்கிச் சேர்க்கவும் செய்கிறது. எத்தனை கண்கள் இருந்தாலும் எந்தத் தாயாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது.

வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் நச்சு உலோகமான ஈயம் 90 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் பூங்காச் சாதனங்களோ அதற்கு முன்பே நிறுவப்பட்டவை. பழைய பூச்சைச் சுரண்டாமலேயே, சுதந்திர தினம் நெருங்கும்போதெல்லாம் அதன்மேல் புதுப்பூச்சு ஏறுகிறது. அடியில் இருப்பதில் ஈயம் உண்டா என்று இதுவரை எவரும் சோதிக்கவில்லை. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பழைய பூச்சைச் சோதித்து அகற்றுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

தொடக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்று பூங்கா வாசலில் ஏற்கெனவே இருக்கிறது: பூக்கள், புல்தரை, நீரூற்று. ஊஞ்சலையும் அதில் சேர்த்துவிட்டால் புகாருக்கே இடமிராது. கை கழுவிக்கொள்ளலாமே என்பீர்களானால், திறப்பு விழாக் கல்வெட்டின் அருகிலுள்ள குழாயில் தண்ணீர் வந்து நெடுநாளாகிறது. கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. பொறுத்தருள்க, கோரிக்கைக்கு வருகிறேன்.

பழைய பூச்சைச் சோதித்து அகற்றுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் தூசு பறந்து பிள்ளைகள் விளையாடும் மண்ணிலேயே படியும்; ஆகையால் நனைத்துச் சுரண்டி, கழிவை அள்ளிச் சென்று, மேல்மண்ணையும் மாற்ற வேண்டும். புதிதாகப் பூசும் பெயிண்டின் ஈய அளவைப் பூங்காப் பலகையில் எழுதி வைக்குமாறும், பணி முடியும்வரை சாதனங்களைச் சுற்றித் தடுப்பு அமைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூங்காவுக்குப் பேத்தியை அழைத்து வரும் ஒரு குடிமகன்