ஈஜிஆர் வால்வுக்குத் தகடு: வைத்து ஓட்டியவன் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாகனப் பகுதியில், டீசல் காரில் பிக்கப் குறைந்து கரும்புகை வருகிறது என்று கேட்ட வாசகருக்கு, எஞ்சின் விடுகிற புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிற ஈஜிஆர் வால்வைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் போதும் என்று பதில் வந்திருந்தது. அந்தத் தகட்டோடு எட்டு மாதம் வண்டி ஓட்டியவன் நான். போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என்னுடையது 2014 மாடல். கோபியில் உரக்கடை வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர். மதியம் சாப்பிட வந்து போவேன். எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவேன். கடைக்கு லோடு வரும் நாட்களில் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் உண்டு. இதற்கெல்லாம் வால்வோடு சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது?

போன வருடம் தாளவாடியில் ஒரு சீருக்காக மாமனார், மாமியாரோடு கிளம்பினோம். பண்ணாரி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலேயே வண்டி இழுக்க மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் வருகிறது, வேகம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கறுப்பு. செக் எஞ்சின் லைட் வேறு எரிந்தது. "ஏனுங் மாப்ளை, வண்டி இப்படி மூச்சு வாங்குதுங்?" என்று மாமனார் கேட்க, நான் பதில் சொல்லவில்லை. கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்கிற ரோடு அது. இறங்கி பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிற இடமா? முதல் கியரும் இரண்டாவது கியருமாக உருட்டி மேலே சேர்த்தேன். எஞ்சின் கெட்டுவிடக் கூடாது என்று கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்து வைப்பதற்கு லிம்ப் மோடு என்று பெயராம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ போய்விட்டது, லட்சம் ரூபாய்க்கு வேலை வந்துவிட்டது என்று ஒவ்வொரு வளைவிலும் கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினேன்.

திரும்பும்போது சத்தியமங்கலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் தம்பி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். "ஈஜிஆருங்ணா. புதுசு போட்டா பதினெட்டாயிரம் ஆகுமுங். தகடு வெச்சா ஐந்நூறுதானுங்." பாதி உலகம் அப்படித்தான் ஓட்டுகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் வைத்தது நடுவில் பென்சில் முனை அளவு ஓட்டை போட்ட தகடு. முழுதாக அடைத்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து லைட்டை எரியவிடுமாம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. வண்டி பறந்தது. லைட் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும், அவர் ஸ்கேனரைச் சொருகி அழித்துவிடுவார்.

அப்புறம் புகைச் சான்று புதுப்பிக்கப் போனேன். முந்தைய தடவையைவிட அளவு குறைந்திருந்தது. "வண்டி புதுசாட்டம் இருக்குதுங்ணா" என்று சான்றை நீட்டினார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது. மாசைக் குறைக்கவென்று வைத்த பாகத்தை அடைத்துப்போட்ட வண்டி, மாசுப் பரிசோதனையில் முன்னைவிட நல்ல மார்க் வாங்குவது எப்படி?

கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படிக்கிற அக்கா மகனிடம் கேட்டேன். "மாமா, அந்த வால்வு கரும்புகையைக் குறைக்க வெச்சதே இல்லீங்க" என்றான். எஞ்சினுக்குள் சூடு எல்லை மீறும்போது காற்றில் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. எரிந்து முடிந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டால் ஆக்சிஜன் குறையும், எரிகிற சூடு தணியும், அந்த ஆக்சைடுகள் குறைவாக உண்டாகும். ஈஜிஆரின் வேலை அவ்வளவுதான். அதற்கு விலையாகக் கரி கொஞ்சம் கூடும். ஆகவே அடைத்தால் கரி குறைந்து, கண்ணுக்குத் தெரியாத வாயு கூடிவிடுகிறது. சான்று கொடுக்கிற இடத்தில் டீசல் காரை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தச் சொல்லி, வருகிற புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிற வேலையே அங்கே கிடையாது. மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகிற வாயு அது. வெயில் பட்டால் ஓசோன் உண்டாவதற்கும் அதுவே வழி செய்கிறது. நம் பக்கத்து வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்!

2015-இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டதே, அது இதே வாயுவில்தான். சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காக இருந்துவிட்டு, ரோட்டில் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை விடும்படி மென்பொருள் எழுதி வைத்திருந்தார்கள். நான் அதை ஐந்நூறு ரூபாயில் முடித்திருக்கிறேன்.

தகட்டை எடுத்துவிட முடிவு செய்து, கோபியிலேயே ஒரு வயசான மெக்கானிக்கிடம் விட்டேன். இந்தப் பகுதியை உங்கள் வாசகருக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவர் வால்வில் கை வைக்கவே இல்லை. தகட்டை எடுத்து, கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய எரர் கோடுகளை (கோளாறு எண்களை) அழித்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஸ்கேனரில் பார்த்தார். பி0402 வந்தது. தேவைக்கு மேல் வாயு உள்ளே போகிறது என்று அர்த்தம். பி0401 என்றால் தேவையான அளவு போகவில்லை, பி0403 என்றால் மின் இணைப்பில் கோளாறு. கோடு வந்த பிறகும் டர்போ ஹோஸ் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று முழுக்கத் தடவிப் பார்த்தார். ஹோஸ் கிழிந்தாலும் இதே பிக்கப் குறைவு, இதே கரும்புகை வருமாம். அதைப் பார்க்காமல் பதினெட்டாயிரத்துக்கு வால்வு வாங்கியவர்களின் கதை அவரிடம் நிறைய இருந்தது.

அதற்குப் பிறகுதான் வால்வைக் கழற்றினார். கரும்பாலையில் அடிப்பிடித்த கொப்பரையைப் பார்த்திருப்பீர்கள், அப்படி இருந்தது. புகைக்கரி மட்டும் என்றால் தூளாக உதிர்ந்துவிடும். எஞ்சின் ஆயில் ஆவியும் அதோடு சேர்வதால் பசையாகி இறுகிவிடுகிறது. என்னைப்போல் எஞ்சின் சூடேறாமல் குட்டி ஓட்டம் ஓட்டினாலும், நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டாலும் இது சீக்கிரம் படியுமாம். மூட வேண்டிய இடத்தில் ஒரு கரிக்கட்டி உட்கார்ந்துகொண்டதால் வால்வு முழுதாக மூடவே முடியவில்லை. மேட்டில் எஞ்சினுக்கு நிறையக் காற்று வேண்டிய நேரத்தில் இந்த வால்வு மூடியிருக்க வேண்டும். என் வண்டியில் திறந்தே கிடந்து, காற்று போக வேண்டிய இடத்தில் புகை போயிருக்கிறது. திம்பத்தில் நடந்தது அதுதான்.

கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊறவைத்து, மூன்று மணி நேரம் ஆனது. மோட்டார் இருக்கிற பக்கம் சொட்டு கூடப் படவிடவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கலாமே என்று நான் கையை நீட்டியபோது, "அதைத் தொடாதீங் தம்பி, உள்ளே பல்லுச் சக்கரம் உடைஞ்சிரும்" என்று தட்டிவிட்டார். எஞ்சினுக்குள் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிச் சுரண்டினார். கேஸ்கெட்டைப் புதிதாகவே போட்டார். மாட்டிய பிறகு வால்வு எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வழியாக மறுபடி பழக்கிவிட்டார். சில வண்டிகளில் இதைச் செய்யாவிட்டால் லைட் திரும்ப எரியுமாம். எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய்.

சுத்தம் செய்தால் எல்லா வால்வும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். உள்ளே மோட்டாரோ பல்லோ தேய்ந்திருந்தால் புதுசுதான் போட வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால், திரும்ப உள்ளே போகிற புகையை ஆறவைக்கிற ஈஜிஆர் கூலரையும் சந்தேகப்பட வேண்டும். 2018-இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தபோது, அந்தக் கம்பெனியே சொன்ன காரணம் இந்தக் கூலரின் கசிவுதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்6 என்கிற கடுமையான மாசு விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் தகடு என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது. புகை வடிகட்டி, சென்சார் என்று அதில் எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்டது. ஒன்றை அடைத்தால் மென்பொருளையே மாற்றச் சொல்லுவார்கள், அதற்கு ஒரு பில் வரும். சட்டமும் சும்மா இல்லை. மாசு விதியை மீறின வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தகட்டை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்பது வேறு கதை.

தகடு வைக்கிற மெக்கானிக்குகள் மீது எனக்குக் கோபம் இல்லை. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, நாமக்கல் லாரி என்று டீசலிலேயே பிறந்து வளர்ந்த கைகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. ஓட்டுகிறவனுக்கு வண்டி இழுக்க வேண்டும், அதை அவர்கள் செய்து கொடுக்கிறார்கள். பத்திரிகையில் அச்சில் வருகிற யோசனைக்கு அந்தச் சலுகை கொடுக்க முடியாது. அடுத்த இதழில் அந்தப் பதிலைத் திருத்திப் போடுங்கள். கூடவே, டீசல் வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடையும் சான்று மையங்களில் அளக்கச் சொல்லி உங்கள் பக்கத்தில் ஒரு தலையங்கம் எழுதினால் இன்னும் நல்லது.

என் வண்டி சரியாகி ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரோடு ரோட்டில் ஒரு கியர் குறைத்துப் பிடித்து அரை மணி நேரம் விரட்டி ஓட்டிவிட்டு வருகிறேன், கரி சீக்கிரம் படியாது என்று பெரியவர் சொன்னதால். மறுபடி தாளவாடி போய் வந்தோம், 27 வளைவிலும் லைட் எரியவில்லை. திரும்பும்போது சத்தியில் நிறுத்தி அந்தத் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தகட்டை வெச்சிருக்கீங்களாண்ணா? இன்னொரு வண்டிக்கு ஆகுமுங்" என்றார். கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு உரக்கடைக்காரர்,
கோபிசெட்டிபாளையம்