வாசிப்பு வட்டத்துல பக்கத்து சீட்ல இருந்த காட்பாடி அக்காவுக்கு

நைனா போனதுல இருந்து சாயங்காலம் ஆனா கேட் தொறக்குற சத்தம் வருதான்னு காது தானா அங்கதான் போகுது, எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துதான் சத்துவாச்சாரில நடக்குற துக்கமும் மூளையும் வாசிப்பு வட்டத்துக்கே வந்தேன். முதல் பக்கத்துலயே கண்ணு கலங்கி எழுத்தே தெரியல. ஏன் அழறன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல அக்கா. நாற்காலிய கிட்ட இழுத்துப் போட்டு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னீங்க.

ஜெராக்ஸ் பேப்பர் ஓரத்துல பென்சில்ல ஒரு பெட்டி, ஒரு எலி, மூலைல ஒரு புள்ளி வரைஞ்சீங்க. நார்வேல மோசர்ன்ற மூளை ஆராய்ச்சியாளருங்க லேப்ல 2013ல வெளியிட்ட ஆராய்ச்சியாம், பெட்டிக்குள்ள வெச்ச பொருள எடுத்த பிறகும் அது இருந்த இடத்துக்கு எலி வந்தா மூளைல சில செல்லுங்க வேலை செய்யுதாம். "உன் மூளையும் நைனாவ அவர் இருந்த இடத்துல தேடுது, அவ்ளோதாம்மா"ன்னீங்க. அமெரிக்க மனநல சங்கம் 2022ல நீடித்த துக்கத்த நோய் பட்டியல்ல சேர்த்தப்பகூட வயசு வந்தவங்களுக்கு இழப்பு நடந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும்னு வெச்சிருக்காங்கன்னு நீங்க சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

பேர் கேக்கறதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க. ரொம்ப ரொம்ப நன்றிக்கா. அந்த எலி படத்த அம்மாகிட்ட காட்டினேன், அவங்களும் வரேன்றாங்க, அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன், நீங்க கண்டிப்பா வாங்க.