பிட்கெய்னின் வரலாறு 1790இல் தொடங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் பசிபிக்கிலுள்ள பிட்கெய்ன் தீவு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, 'பவுன்ட்டி' என்ற பிரிட்டிஷ் கப்பலைக் கைப்பற்றிய கலகக்காரர்கள் 1790இல் கரையேறியதிலிருந்து கதையைத் தொடங்குகிறது. அப்போது அங்கே ஆளில்லை, உண்மைதான். ஆனால் கல்மேடைகளும் கற்சிலைகளும் இருந்தன. சிலைகளைப் பாறை விளிம்பிலிருந்து கீழே தள்ளியது வந்தவர்களின் கைங்கரியம்!

அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பசிபிக் தீவு மக்களான பொலினீசியர் இங்கு வாழ்ந்தனர். ஐந்து சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத இந்த எரிமலைத் தீவின் சொத்து அதன் கல். நெருக்கமான மணியுள்ள அந்தக் கல்லைத் தென்கரையிலிருந்த டாவுட்டாமா வெட்டிடத்தில் செதுக்கி, மரம் செதுக்கும் கருவியான வாய்ச்சி செய்தார்கள். மேற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மங்கரேவா தீவு இதற்கு மாற்றாகச் சிப்பி ஓடு தந்தது. கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள ஹெண்டர்சன் தீவு வெறும் சுண்ணாம்புப் பாறை. கருவிக்கு ஏற்ற கல் கிடையாது; பிட்கெய்னிலிருந்துதான் வந்தது. மங்கரேவாவில் காடு அழிந்து பூசல் பெருக, 1500ஐ ஒட்டித் தீவுகளுக்கிடையே படகுப் போக்குவரத்து நின்றது. ஹெண்டர்சன் மக்கள் பெருஞ்சிப்பி ஓட்டில் வாய்ச்சி செய்து சமாளித்தார்கள். பின் பிட்கெய்னும் ஹெண்டர்சனும் வெறிச்சோடின.

கலகக்காரர்கள் நெடுநாள் யார் கண்ணிலும் படாததற்கும் காரணம் உண்டு. 1767இல் தீவைக் கண்ட பிரிட்டிஷ் மாலுமி கார்ட்டரெட்டிடம், தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் கடல் கடிகாரம் இல்லை; அவர் குறித்த தீர்க்கரேகை சுமார் மூன்று பாகை தவறு; வரைபடத்தில் தீவு இடம் மாறி இருந்தது.

கட்டுரையின் படம் பவுன்ட்டி விரிகுடாவைத் துறைமுகம் என்கிறது. கப்பல் நுழைய அங்கே இடமில்லை. வெளியே நிற்கும் கப்பலிலிருந்து நீள்படகில் இறங்கி, அலை தணியும் இடைவெளி பார்த்துத்தான் படகுத்துறைக்குள் பாய வேண்டும். விமான ஓடுதளமும் இல்லை.