பூஜ்யத்திலிருந்து நூறு வேண்டாம், நாற்பதிலிருந்து எழுபதைப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். புதுக் கார் எது வந்தாலும் பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா, மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவன் நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட்டு என்ன செய்யப் போகிறான்? எங்களுக்கு வேண்டிய கணக்கு வேறு. ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கி நிறையப் பெட்டிகள் ஏறி, ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்பதிலிருந்து எழுபதுக்கு வண்டி எத்தனை விநாடியில் போகிறது, அதே பாரத்தோடு நூறில் பிரேக் அடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கிறது. இந்த இரண்டையும் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் வரி பற்றிய பத்தியை வெட்டிவிடலாம்.

நான் ஓட்டுவது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற வகை) செடான், அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள தாழ்வான கார். எந்தக் கம்பெனி என்று சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள். வாங்கிய நாளிலிருந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, "நாலு வழிச் சாலையிலயே நூறுக்கு மேல போகக் கூடாது, உனக்கு எதுக்குப்பா இவ்வளவு பவர்?" நியாயமான கேள்விதான். நான்கு வழிச் சாலையை மட்டும் வைத்துப் பார்த்தால் தேவையே இல்லை, அங்கே எண்பது குதிரைசக்தி வண்டியும் நிம்மதியாக நூறில் போகும்.

எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பட்டுக்கோட்டையிலிருந்து மன்னார்குடிக்கோ அறந்தாங்கிக்கோ போவதென்றால் நடுவில் தடுப்பில்லாத சாலைதான். முன்னால் வைக்கோல் லாரி போகும், இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, எதிரே என்ன வருகிறது என்பதே தெரியாமல். அறுவடைக் காலமென்றால் பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போட்டு ஓரத்தில் கல்லை வைத்திருப்பார்கள். அந்த லாரி நாற்பதில் போகிறது என்று வையுங்கள். லாரியின் நீளம் 12 மீட்டர், நம் காரின் நீளம் நாலரை மீட்டர், முன்னும் பின்னும் கொஞ்சம் இடைவெளி, எல்லாம் சேர்த்து 45 மீட்டராவது லாரியைவிடக் கூடுதலாக ஓடியாக வேண்டும். அறுபதில் ஏறினால் இதற்கு 8 விநாடி பிடிக்கும், எதிரே ஒரு வண்டி எழுபதில் வந்துகொண்டிருந்தால் இருவருக்கும் நடுவே குறைந்தது 290 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். எழுபதில் ஏற முடிந்தால் ஐந்தரை விநாடி, 210 மீட்டர் போதும். அந்த 80 மீட்டர்தான் நான் காசு கொடுத்து வாங்கிய பவர். வேகமாகப் போவதற்காக இல்லை, எதிர்ப்புறச் சாலையில் குறைந்த நேரம் இருப்பதற்காக.

இந்த இடத்தில் குதிரைசக்தியைவிட டார்க்தான், அதாவது எஞ்சினின் முறுக்குவிசைதான் முக்கியம், அதைத்தான் விளம்பரத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். ஹோண்டா சிட்டி 121 குதிரைசக்தி, டார்க் 145 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,300 சுற்றுக்குப் போன பிறகுதான் முழுதாகக் கிடைக்கும். ஹூண்டாய் வெர்னா டர்போ 160 குதிரைசக்தி, 253 நியூட்டன் மீட்டர், 1,500 சுற்றிலேயே வந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டிலும் உள்ள 1.5 எஞ்சின் 150 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர், கிட்டத்தட்ட அதே கதை. சிட்டியைக் குறை சொல்லவில்லை, அந்த எஞ்சினைச் சுற்றவிட்டு ஓட்டுவதில் தனி சுகம் இருக்கிறது, அது பிடித்தவர்கள் வேறு எதையும் தொடமாட்டார்கள். ஆனால் பின்சீட்டில் குழந்தை தூங்கும்போது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலே லாரியைத் தாண்டிவிடுகிற வண்டி வேறு, கியரை இறக்கி எஞ்சினைக் கத்தவிட்டால்தான் தாண்டுகிற வண்டி வேறு. உங்கள் பக்கத்தில் வருகிற எண்களை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, பவருக்கு வக்காலத்து வாங்கியாகிவிட்டது, அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வண்டியில் வேகம் தெரியாது. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, எழுபதில் போகிற மாதிரி இருக்கும், முள்ளைப் பார்த்தால் நூறைத் தாண்டியிருக்கும். எண்பதில் போகிற வண்டியைவிட நூறில் போகிற வண்டியை நிறுத்த பிரேக்குக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை. ஆபத்தைக் கண்ணால் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு விநாடி போய்விட்டால், நூறில் அதுவே 28 மீட்டர். ஆனாலும் பிரேக்கைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வர்ட்டஸும் ஸ்லாவியாவும் 2022-இல் வந்தபோது 150 குதிரைசக்தி வண்டிக்கும் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான் (உருளைக்குள் இருந்து அழுத்துவது) வைத்திருந்தார்கள், வெர்னா டர்போவில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுக்கிப் பிடிப்பது). டிரம்மே போதும் என்று ஒரு கூட்டமும் போதாது என்று ஒரு கூட்டமும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன. ஐந்து பேரை ஏற்றி நூறில் ஓட்டி நிறுத்தி, இத்தனை மீட்டர் என்று நீங்கள் ஒரு தடவை அச்சில் போட்டால் அந்தச் சண்டை அன்றோடு முடிந்துவிடும்.

நிற்பதும் வளைவதும் டயரைப் பொறுத்தவை என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு காற்று வேண்டும், முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். அதைக் குனிந்து பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காற்று பிடிக்கிற கடையில் கேட்டால், "நாப்பது வெச்சிடவா சார், கின்னுனு இருக்கும்" என்பார் அந்தத் தம்பி. கின்னென்றுதான் இருக்கும், ஆனால் தேவைக்கு மேல் காற்று ஏறிய டயர் சாலையைக் குறைவாகத்தான் தொடும், மழை நாளில் அது தெரியும்.

வாங்கும் இடத்துக் கதை இன்னொன்று. டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறார்கள், பக்கத்தில் விற்பனையாளர், பின்சீட் காலி. அதில் என்ன தெரியும்? வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலம், ஒரு மோசமான சாலை, நல்ல ஓவர்டேக் கிடைக்கிற ஒரு நீளமான சாலை மூன்றிலும் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். குறிப்பாக வீட்டுப் பெரியவர்களைப் பின்சீட்டில் உட்கார்த்தி இறக்கிப் பாருங்கள். செடானின் பெரிய குறையே அதுதான். என் அம்மா முதல்நாள் ஏறும்போதே, "என்னடா, கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கு" என்றார். முட்டி வலி உள்ளவர்களுக்கு உயரமான வண்டிதான் சரி, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

அப்புறம் சீட் கவர். இதை ஏன் எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆறு ஏர்பேக் என்று விற்பார்கள், அதில் முன்சீட்டின் பக்கவாட்டுக்குள்ளேயே இரண்டு இருக்கும், அடுத்த மேஜையிலேயே அந்தச் சீட்டை இறுக்கிப் போர்த்துகிற கவரை அக்சஸரி என்று தலையில் கட்டுவார்கள். அந்த இடத்தில் பிரிந்துகொள்ளும் தையல் உள்ள கவர் என்றால் பரவாயில்லை, இல்லையென்றால் ஏர்பேக் எப்படி வெளியே வரும்? பின்சீட்டில் இன்னும் மோசம், பெல்ட் மாட்டுகிற பக்கிள் கவருக்கு அடியில் புதைந்துவிடும். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் போய் விபத்தில் இறந்தபோது நாடே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது, பிறகு மறந்துவிட்டது. பெல்ட் அலாரத்தை ஏமாற்றுகிற கிளிப்பை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் நம் ஆட்களை என்ன சொல்ல.

வரி விஷயம் இதுதான். நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசியைத் தாண்டாவிட்டால் அது சிறிய கார், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். என் வண்டி மாதிரியானவற்றுக்கு முன்பு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 45, இப்போது 40. குறைந்துவிட்டது என்று கொண்டாடினார்கள், ஆனால் சிறிய காருக்கும் இதற்கும் நடுவே முன்பு 16 சதவீதமாக இருந்த வித்தியாசம் இப்போது 22 ஆகியிருக்கிறது. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை உள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம், அதற்கு முன் 15. இவ்வளவு வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுக்கிற சாலையில் வேகத்தடை எப்படி இருக்கிறது? சாலைகளுக்குத் தரவிதி வகுக்கிற இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பதெல்லாம் ஒரு முழ அகலத்தில் தாரைக் குவித்து வைத்தவை, வெள்ளைக் கோடும் கிடையாது. ஐந்து பேர் உட்கார்ந்த செடான் அதில் அடி தட்டாமல் தாண்டினால் அன்றைக்கு நல்ல நாள்.

ஆகவே, அடுத்த முறை ஒரு செடானைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரைத் தனியாக ஓட்டவிடாதீர்கள். வண்டி நிறைய ஆட்களை ஏற்றி மன்னார்குடி சாலைக்கு அனுப்புங்கள், தையும் மாசியுமாக இருந்தால் இன்னும் நல்லது, வைக்கோல் லாரிக்குப் பஞ்சமிருக்காது. விநாடிக் கணக்கையும் மீட்டர் கணக்கையும் அங்கிருந்தே குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டுக்கோட்டை.