ஞாயிறு தோட்ட வேலைக்குப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு வாழை வட்டப்பாத்தி போடுகிறோம். 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி. உள்ளே தென்னை மட்டை, சருகு, காய்கறித் தோல். கரையைச் சுற்றி வாழைக் கன்றுகள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அதில் திருப்பிவிட்டால் போதும், வாழை குடித்துக்கொள்ளும்.

குழி வெட்டுவதும் நிரப்புவதும் பிள்ளைகள்தான், நாம் பக்கத்தில் நிற்போம். இயற்கை எப்படி இயங்குகிறதோ அதைப் பார்த்தே தோட்டம் அமைக்கிற நிரந்தர வேளாண்மை (பெர்மாகல்ச்சர்) என்று பாடம் எடுத்தால் அவர்களுக்கு ஏறாது. போன மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மண்ணின் மேல் சருகு பரப்பி மூடியிருந்த மூடாக்கை விலக்கிக் கையை வைத்தான். மேலே வெயில் சுடுகிறது, உள்ளே மண் சில்லென்று ஈரமாக இருக்கிறது, ஒரு மண்புழு நெளிகிறது. அப்புறம் அவனை வீட்டுக்குக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது!

பெரிய பிள்ளைகளைக் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா உருவாக்கிய வானகம் பண்ணைக்கு ஒருமுறை கூட்டிப்போக எனக்கு ரொம்ப ஆசை. ஞாயிறன்று பேசுவோம்.

தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.