பாரன் தீவுப் பயணம்: ஆக்சிஜன் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அந்தமானில் பாரன் தீவைச் சுற்றி, படகிலேயே தங்கி ஸ்கூபா முக்குளிக்கும் பயணம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியாவில் இன்றும் குமுறும் ஒரே எரிமலை, கறுப்பு மணல், திருக்கை மீன்கள் எல்லாம் அதில் இருந்தன. நாகை, காரைக்கால், கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் புதுச்சேரியில் பயிற்சி முடித்த கையோடு இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் தேவையான விவரங்கள் அந்தக் கட்டுரையில் இல்லை.

முதல் விவரம் தூரம். போர்ட் பிளேயர் என்று இருந்து 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆன ஊரிலிருந்து தீவு ஏறத்தாழ 140 கி.மீ. எட்டு நாட், அதாவது மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடும் படகுக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி நோய் கண்டால், அதற்கான சிகிச்சை, காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் அழுத்த அறையில்தான். அது ஸ்ரீ விஜயபுரத்தில் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வரை நோயாளிக்குச் சுத்த ஆக்சிஜன் தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால், மணிக்கு 900, ஒன்பது மணி நேரத்துக்கு 8,100 லிட்டர். கொரோனா காலத்தில் நம் மாவட்டங்களில் எல்லாருக்கும் பழகிப்போன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். அது 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆளுயர டி டைப்பில் 7,000 லிட்டர். அதுவும் எட்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகத்தான் வரும். இதெல்லாம் ஒரே ஒரு நோயாளிக்கு. முக்குளிப்பவர்கள் இருவர் இருவராக இறங்குகிறார்கள், ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருக்கிறார்கள். ஒருவருக்கு வந்தது கூட இருந்தவருக்கும் வரலாம். மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்கும் டிமாண்ட் வால்வு இருந்தால் செலவு குறையும். ஆனால் முகமூடி பொருந்தி உட்கார வேண்டும், நோயாளிக்கு நினைவும் இருக்க வேண்டும். ஆகவே முகவர் "ஆக்சிஜன் இருக்கு சார்" என்றால் விடாதீர்கள். எத்தனை லிட்டர், எந்த வால்வு, அழுத்த அறை இந்த வாரம் இயங்குகிறதா என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். டெல்டாவில் இந்தப் பயணத்தை விற்பவர்கள் இவற்றைத் துண்டறிக்கையிலேயே அச்சிடட்டும் என்பது என் கோரிக்கை.

நோயின் அறிகுறி பெரும்பாலும் சாதாரணமாகத்தான் தொடங்கும். தோள், முழங்கை, முட்டியில் வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் அரிப்போடு திட்டுத் திட்டாக நிறம் மாறுதல், காரணமில்லாத அசதி. தைலம் தேய்த்துப் படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்று விடுவதால்தான் நேரம் போகிறது. சந்தேகம் வந்த நிமிடமே படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுங்கள். நினைவோடு இருந்தால் தண்ணீர் கொடுங்கள். திரும்பத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

நம் கரையில் பழகியவர்களுக்கு அங்கே தனி ஆபத்து ஒன்று உண்டு. காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் இங்கே கடலடி மெல்லச் சரிகிறது; முப்பது மீட்டர் ஆழம் வேண்டுமானால் கரையை விட்டு வெகுதூரம் போக வேண்டும். எவ்வளவு இறங்கினாலும் தரை வந்து நிறுத்திவிடும். பாரன் தீவோ, கடலுக்கு அடியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கும் மலையின் உச்சி. எரிமலைப் பாறைச் சுவர் நேரே கீழே போகிறது, தரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் முப்பது மீட்டர் பதினைந்து போலத் தோன்றும். கையில் கட்டியிருக்கும், ஆழம் காட்டும் கம்ப்யூட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் நாற்பதைத் தாண்டியதே தெரியாது. நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டிய காற்று; 32 சதவீத நைட்ராக்ஸ் வைத்திருப்பவருக்கு எல்லை 33 மீட்டர். அதற்குக் கீழே ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். அதற்கு ஈடாக, முப்பது மீட்டரில் சாதாரணக் காற்றுக்கு முதல் இறக்கத்தில் தங்க 20 நிமிடம் கிடைக்கும் இடத்தில் நைட்ராக்ஸுக்கு 30 நிமிடம் கிடைக்கிறது. சிலிண்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதை அதை அளக்கும் கருவி வைத்து நீங்களே அளந்து கையெழுத்திடுங்கள். வேறொருவர் அளந்ததை நம்பி இறங்காதீர்கள்.

சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டம் வரலாம். குமிழ்கள் மேலே போகாமல் உங்களைச் சுற்றியே சுழன்றால் அதுதான் அடையாளம். நேர் மேலாக எதிர்த்து உதைத்தால் காற்றுதான் தீரும். பாறையைப் பிடித்து ஏறுங்கள், முடியாவிட்டால் சுவரை விட்டு விலகிச் சாய்வாக நீந்துங்கள். மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்று சேர்த்திருந்தால், இழுப்பு விட்டதும் உடனே வெளியேற்றுங்கள். இல்லையேல் அது உங்களை மேலே தூக்கி எறிந்துவிடும்.

தண்ணீரில் இறங்கக் கட்டிக்கொள்ளும் ஈய எடையிலும் தவறு நடக்கிறது. நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலின் உப்புநீருக்குப் போதாது. இரண்டு, மூன்று கிலோ கூடும். அலுமினியச் சிலிண்டர் வேறு, காற்று தீரத் தீர இரண்டு கிலோவுக்கு மேல் இலகுவாகும். முழுச் சிலிண்டரோடு பார்த்த எடையை நம்பியவர், கடைசியில் நைட்ரஜன் வெளியேறுவதற்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுவார். 50 பார் அழுத்தம் மட்டும் மீதமுள்ள சிலிண்டரோடு எடையைச் சோதியுங்கள்.

மேலே வந்தபின் ரப்பர் படகு உங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமாவது உள்ள ஆரஞ்சு மிதவைக் குழாய், முப்பது மீட்டர் நூல், விசில், சிறு விளக்கு ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். நூற்கண்டை ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டு மிதவையை மேலே அனுப்பாதீர்கள். கண்டு சிக்கினால் ஆளையும் சேர்த்து மேலே இழுத்துவிடும்.

காற்று நிரப்பும் கம்ப்ரசரையும் ஒருமுறை பாருங்கள். அதன் உறிஞ்சுகுழல், டீசல் எஞ்சின் புகை போகும் பக்கம் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். ஆழத்தில் அதன் வீரியம் பல மடங்கு. எரிமலை புகையும் நாளில் சாம்பலும் கந்தகப் புகையும் வரும் திசையில் படகை நிறுத்திக் காற்று நிரப்பக் கூடாது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் அருகிலிருந்தே அது குமுறுவதைப் பார்த்திருக்கிறார்கள். தீவில் இறங்க அனுமதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தீயைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு எரிந்து 34 பேர் இறந்தனர். கீழ்த்தளப் படுக்கை அறையிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தும், இரண்டும் எரிந்துகொண்டிருந்த அதே கூடத்தில் போய்த் திறந்தன. இரவுக் காவலுக்கு யாரும் விழித்திருக்கவில்லை. படகில் ஏறியதும் உங்கள் படுக்கையிலிருந்து இரண்டு வழிகளிலும் நடந்து பாருங்கள். இரவு யார் விழித்திருப்பார் என்று கேளுங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளை ஆள் பார்வையில் பகலில் மட்டும் சார்ஜ் போடுங்கள். தீவில் செல்போன் சிக்னல் இல்லை. சிறு படகின் வி.எச்.எஃப். ரேடியோ நகரம் வரை எட்டாது. சாட்டிலைட் போன் அவசியம். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554.

காலம் என்று பார்த்தால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கரைக்கு வரும் புயல்களில் பல அந்தமான் கடலை ஒட்டித்தான் உருவாகின்றன. அந்த மாதங்களில் மலிவு விலைக்கு மயங்காதீர்கள். பஸ்ஸுக்குப் போடும் அவோமின் மாத்திரை தூக்கம் வரவைக்கும். ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கத்தோடு அது சேர்ந்தால் வினை. எந்த மாத்திரையானாலும் முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த டாக்டரைக் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கடைசி இறக்கத்துக்குப் பிறகு 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. சென்னையில் இறங்கி உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூர் வருவதில் தொல்லையில்லை. ஆனால் அதே வாரத்தில் கொடைக்கானலும் போவதாகத் திட்டம் இருந்தால், மலையேற்றத்துக்கும் இந்த 24 மணி நேரக் கணக்கு பொருந்தும். அது 2,100 மீட்டர் உயரம்.

இப்படிக்கு,
முக்குளிப்புப் பயிற்சியாளர்,
நாகப்பட்டினம்.