மாதிரி விண்ணப்பம் கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஓடிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஊசியில் நூல் கோக்க இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. உன் மாமியாருக்கு முட்டி வலி குறைந்ததா? சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாளா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடநூல் வாசித்துப் பதிவு செய்கிற நம் வாசிப்புக் குழுவுக்கு நிதியுதவி கிடைத்துவிட்டது! போன மாதம் கடிதம் வந்தது. கதவு திறந்து பூட்டுகிற நம் பூட்டண்ணன் உறையைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்றார். நான் பிரித்த வேகத்தில் கடிதத்தின் ஓரமும் சேர்ந்து கிழிந்தது. ஒன்பது வருஷமாக ஆளாளுக்குக் கைக்காசு போட்டு ஓட்டிய குழு இது. நீயும் எத்தனை மாதம் போட்டிருக்கிறாய். முதல் செய்தி உனக்குத்தான் வந்திருக்க வேண்டும், தாமதித்துவிட்டேன்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. உன் கடிதத்தில் நீ என்ன கேட்டிருந்தாய்? "நீங்கள் கிராண்டுக்கு எழுதின விண்ணப்பத்தை ஒரு நகல் அனுப்பு, பெயரை மட்டும் மாற்றி எங்கள் முதியோர் பகல் மையத்துக்குப் போட்டுக்கொள்கிறேன்" என்று கேட்டாய். அப்போது என்னிடம் இருந்தது நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம். அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்று அனுப்பலாம், நாளை அனுப்பலாம் என்று தள்ளியதில் ஏழு மாதம் போய்விட்டது.

இப்போது தேறிய விண்ணப்பம் கையில் இருக்கிறது. ஆனாலும் அதை உனக்கு இப்போது அனுப்பப் போவதில்லை. கோபப்படாமல் கடைசி வரை படி. எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, மேலே என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாயே, அந்தக் கதை திரும்ப நடந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

முதல் விண்ணப்பத்தை நானும் பெரியக்காவும் மூன்று இரவு உட்கார்ந்து எழுதினோம். குழு எப்படி ஆரம்பித்தது, யார் யார் வந்தார்கள், என்னென்ன கஷ்டப்பட்டோம், யார் வந்து பாராட்டினார்கள் என்று பதினோரு பக்கம். படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். செலவுப் பட்டியலில் கால் பங்கு 'இதர செலவுகள்' என்று இருந்தது. இரண்டு வரியில் பதில் வந்தது, வருந்துகிறோம் என்று. பெரியக்கா அதை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, "இனி யாரிடமும் கையேந்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, "ஏன் கொடுக்கவில்லை என்று சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்வோம்" என்றேன். எடுத்த பெண் கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளோ எங்கள் தாள்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசினாள். இப்படிக் கேட்கலாம் என்பதே நமக்குத் தெரியாதே! மறுத்த காரணத்தைக் கேட்டால் நிறைய இடங்களில் சொல்லுவார்களாம், பெரும்பாலானவர்கள் கேட்பதில்லையாம்.

அவள் சொன்னதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. "பதினோரு பக்கத்திலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். பதிவைக் கேட்கிற பிள்ளைகள் எங்கே? 40 புத்தகம் பதிவு செய்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். 40 புத்தகம் வந்தால் அவர்களுக்கு என்ன மாறும்?" நான் ஏதோ பதில் சொல்லப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை. பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஒன்பது வருஷமாகப் பாடநூலை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறோம், அவர்களுக்கு என்ன மாறுகிறது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

அன்று சாயங்காலம் பூட்டண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரிக்கு மேலே இருந்து நான்கு நீள நோட்டுகளை எடுத்துப் போட்டார். அவர் கதவு திறக்கிறவர், பூட்டுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, மனிதர் தினமும் எழுதி வைத்திருக்கிறார்! தேதி, வாசித்தவர், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எத்தனை நிமிஷம். கடைசியில் இரண்டு கட்டம்: புத்தகம் கேட்ட தேதி, கொடுத்த தேதி. சில வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் 'ஹாரன்', 'மழை', 'மின்விசிறி' என்று குறிப்பு. சத்தம் விழுந்து கெட்டுப்போன பதிவுகள் அவை.

நாங்கள் ஒரு வருஷத்து நோட்டைக் கூட்டினோம். 14 பேர் சேர்ந்து 1,086 மணி நேரம் உழைத்து 38 புத்தகம் முடித்திருக்கிறோம். பிள்ளை புத்தகம் கேட்ட நாளிலிருந்து கையில் கிடைக்க சராசரியாக 11 வாரம் ஆகியிருக்கிறது. ஒரு பருவமே 20 வாரம்தான். பாதிப் பருவம் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் 11 வாரம் என்று பார்த்தால் சிவப்பு மை காட்டிக்கொடுத்தது. பத்து பதிவில் நான்கை மறுபடி செய்திருக்கிறோம். சத்தம் புகுகிற ஜன்னல், ஒரே ஒரு மைக். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கட்டங்களில் ஒரு வரியை நான் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பையன் வேதியியல் புத்தகம் கேட்டிருக்கிறான். தேர்வு முடிந்து நான்காவது நாள் அது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் நன்றி சொல்லி நமக்குக் கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தோம். தேதியை யாரும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது விண்ணப்பம் அந்த வரியிலிருந்துதான் பிறந்தது. 'தேவை' என்ற கட்டத்துக்கு 200 சொல்தான் அனுமதி. 11 வாரத்தை 5 வாரமாகக் குறைக்க வேண்டும், அதற்கு ஜன்னலை அடைக்க வேண்டும், இரண்டாவது மைக்கும் பதிவு செய்ய இன்னொரு மூலையும் வேண்டும், வாசிக்கிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வேண்டும் என்று எழுதினேன். 160 சொல்லில் முடிந்துவிட்டது. 'இதர செலவுகள்' என்ற வரியே இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் கொட்டேஷன் வாங்கி இணைத்தோம். சாஃப்ட்வேருக்கு முதல் தடவை ஒரு தொகை போட்டிருந்தோம், அதை எடுத்துவிட்டோம். பார்வையற்றோருக்கான டெய்சி வடிவத்தில் பேசும் புத்தகம் செய்ய 'ஓபி' என்ற மென்பொருளை டெய்சி கூட்டமைப்பே இலவசமாகத் தருகிறது. அதில் பதிவு செய்தால் பிள்ளைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம், பக்கம் விட்டுப் பக்கம் தாவிப் போகலாம். கரண்ட் பில், சுத்தம் செய்கிற செலவு எல்லாம் கேட்க முதலில் கூச்சப்பட்டோம். படிவத்திலேயே நிர்வாகச் செலவு 10 சதவீதம் வரை கேட்கலாம் என்று போட்டிருந்தது. கேட்டோம். நம் 14 பேரின் மணிக்கணக்கையும் குழுவின் பங்களிப்பாகக் காட்டினோம். 1,086 மணி நேரம் என்பது சும்மாவா?

பதிப்புரிமை பற்றி ஒரு கேள்வி இருந்தது, அதில் பெரியக்கா பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. 2013-இல் மராகேஷில் ஒரு உலக உடன்படிக்கை ஏற்பட்டது, 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக, உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்காமல், கேட்கும் வடிவில் நகல் செய்ய அதில் சேர்ந்த நாடுகள் சட்டத்தில் இடம் தர வேண்டும். அங்கீகாரம் உள்ள அமைப்பு மூலமாக, அவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாம் அப்படித்தான் செய்கிறோம். நாலு வரியில் எழுதினேன்.

எனக்கு ஆத்திரம் வந்த இடம் 'புதுமை' என்ற கட்டம். எல்லோருக்கும் புதுசு வேண்டும். நன்றாக நடக்கிற ஒன்றை நடத்திக்கொண்டே போகக் காசு கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. நம் சின்னத் தம்பி ஒரு ஆப் செய்யலாம், அதை எழுதினால் கட்டாயம் கொடுப்பார்கள் என்றான். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆப்பை யார் கேட்டார்கள்? ஒரு பிள்ளை கூடக் கேட்கவில்லை. பணத்துக்காக ஒன்றைக் கிளப்பிவிட்டு, அதைப் பராமரிக்கவே மீதி வருஷமெல்லாம் ஓடினால் வேதியியல் புத்தகத்தை யார் வாசிப்பது? அன்று நான் குரலை உயர்த்திவிட்டேன். அப்புறம் தம்பியிடம் தனியாகப் பேசிச் சமாதானம் ஆகிவிட்டது.

அந்தக் கட்டத்தில் கடைசியில் என்ன எழுதினேன் தெரியுமா? ஒரு மாணவி சொன்னதை அப்படியே எழுதினேன். "மற்றவர்கள் 'படத்தைப் பார்க்க' என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நீங்கள்தான் நிறுத்தி, முக்கோணத்தில் எந்தப் பக்கம் எந்தக் கோணத்துக்கு எதிரே இருக்கிறது என்று சொல்கிறீர்கள்." இது புதுசு இல்லை, ஒன்பது வருஷமாகச் செய்கிறோம், இதை எல்லா வாசிப்பாளர்களுக்கும் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று முடித்தேன். அவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதானாம்.

இனிதான் உண்மையான கஷ்டம் வந்தது. கேட்டதில் முக்கால் பங்குதான் கொடுத்தார்கள். ஒப்பந்தத் தாளில் மட்டும் 5 வாரம் என்று நாங்கள் எழுதிய சொல் அப்படியே இருந்தது. பெரியக்கா, "வந்த லட்சுமியை வாசலில் நிறுத்தாதே, கையெழுத்துப் போடு" என்றார். என்னால் முடியவில்லை. இரண்டாவது மைக்குக்குக் காசு இல்லாமல் 5 வாரம் எங்கிருந்து வரும்? வருஷக் கடைசியில் அறிக்கை எழுத வேண்டியவள் நான். அன்றைக்குத் தேதியை முன்னே பின்னே போட்டு எழுதச் சொன்னால் என்ன செய்வேன்? பூட்டண்ணனின் நோட்டில் பொய் ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு இரவு புரண்டு படுத்தேன். மூன்றாம் நாள் காலை, கையெழுத்துக்கு முன்னால், இந்தத் தொகைக்கு இரண்டாவது மூலை அமைக்க முடியாது, ஆகவே 7 வாரம்தான் உறுதி சொல்ல முடியும், திருத்திய பட்ஜெட் இதோ என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு வயிற்றைக் கலக்கியது. மொத்தமும் போய்விட்டால் 14 பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று.

இரண்டே நாளில் பதில் வந்தது. ஒப்புக்கொண்டார்கள், ஒப்பந்தத்தையும் திருத்தி அனுப்பினார்கள். பெரியக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து ஜன்னலில் அவரே ஆணி அடித்து மாட்டினார், பலகை வரும்வரை இருக்கட்டும் என்று.

இப்போது உன் விஷயம். உங்கள் மையத்துக்கு நாற்காலி வேண்டும் என்கிறாய். யாருக்கு, எதற்கு? பழைய நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் வராமலே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்? உங்களிடம் வருகைப் பதிவேடு இருக்குமே, அதை எடு. போன வருஷம் வந்து இந்த வருஷம் வராத பெயர்களைத் தனியாக எழுது. அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேள். அந்தப் பதில்கள்தான் உன் விண்ணப்பம். அதை என் தாளிலிருந்து எடுக்க முடியாது. அப்புறம் பைலா என்கிற சங்க விதிகள், குழுவின் தீர்மான நகல், இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு, போன வருஷ வரவு செலவு, இதெல்லாம் ஒரு ஃபைலில் தயாராக இருக்கட்டும். கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. யாரிடம் கேட்கிறாயோ அவர்களின் விதிமுறையை இரண்டு தடவை படி. அவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறவர்களாக இருந்தால் எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை.

இரண்டு பக்கம் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. வந்த அன்றே படித்துத் திருத்தி, கூடவே என் விண்ணப்பத்தையும் அனுப்பி வைக்கிறேன், சத்தியம். பூட்டண்ணன் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி

பி.கு.: அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன்னால் நாற்காலியை வாங்கிவிடாதே. தேதிக்கு முந்தின பில்லை அநேகமாக யாரும் ஏற்கமாட்டார்கள். முதல் தடவை நாங்கள் ஏற்கனவே வாங்கியிருந்த ரெக்கார்டருக்குக் காசு கேட்டு, அதுவும் மறுப்புக்கு ஒரு காரணம் ஆயிற்று. கடைகளில் மெஷினில் அடித்துத் தருகிற பில் சில மாதத்தில் வெளுத்துப் போகும், வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்து வை.